ஒரே செடி, மூன்று உயரம்

1909 எனக்கு விசித்திரமாகப் படுகிற வருடம். அந்த வருடம்தான் டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் 'ஜீன்' என்ற சொல்லை அச்சில் கொண்டுவந்தார். ஜெர்மனியில் ரிச்சர்ட் வோல்ட்டெரெக், டாஃப்னியா எனும் கடுகளவு நீர்ப்பிராணியை வைத்து அதே வருடம் ஒரு கட்டுரை வெளியிட்டார். டாஃப்னியா இணை சேராமலே குஞ்சு பொரிக்கும். ஆக, தாயும் மகள்களும் மரபணுவில் ஒரே அச்சு. ஆனால் தீனியைக் கூட்டிக் குறைத்தால் தலைக்கவசத்தின் உயரம் மாறியது. மரபாக வருவது ஓர் உயரம் இல்லை, 'இந்தச் சூழலில் இப்படி, அந்தச் சூழலில் அப்படி' என்கிற முழு அட்டவணை என்றார் வோல்ட்டெரெக்.

மூன்றாவது விஷயமும் 1909தான். 'தகுதியற்றவர்கள்' என்று அரசு நிறுவனங்கள் முடிவு கட்டியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யக் கலிஃபோர்னியா சட்டம் போட்டது. வறுமை, மனநோய், 'மந்தபுத்தி' எல்லாம் ரத்தத்தில் வருவது, சூழலுக்கு அதில் வேலையில்லை என்ற நம்பிக்கை. வாஷிங்டன் கார்னகி நிறுவனம் நியூயார்க் பக்கம் ஒரு யூஜெனிக்ஸ் பதிவகமே நடத்தியது. குடும்பம் குடும்பமாக வம்சாவளி வரைந்து அடுக்கினார்கள். 1939 முடிவில்தான் அது மூடப்பட்டது.

அதே கார்னகி பணத்தில் ஸ்டான்ஃபோர்டில் மூன்று பேர் செடி நட்டுக்கொண்டிருந்தார்கள். ஜென்ஸ் கிளாசன், டேவிட் கெக், வில்லியம் ஹீசி. வழிமுறை நம்ம வீட்டுத் தோட்டத்து வேலைதான்: ஒரே செடியின் தூரைப் பிரித்து வேறு வேறு இடத்தில் நடுவது. இடங்கள்தான் சாதாரணமில்லை. ஸ்டான்ஃபோர்டில் 30 மீட்டர், சியரா நெவாடா மலைச்சரிவில் மேதர் 1,400 மீட்டர், உச்சிக்குக் கிட்டே டிம்பர்லைன் 3,050 மீட்டர். பிறகு வருடக்கணக்கில் அளந்தார்கள்.

பொட்டன்டில்லா செடியைப் பாருங்கள். கடலோர வகை டிம்பர்லைன் குளிரில் செத்தது. உச்சியில் குள்ளமாக நின்ற மலைவகை, மேதரில் நட்டதும் உயர்ந்தது. ஆனால் பனியே விழாத ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தும் குளிர்காலத்தில் தூங்கியது! உருவம் இடத்துக்கு வளைந்தது, சில பழக்கங்கள் வளையவில்லை.

எதிர்த்தரப்பும் அவர்களுக்கு முன்னால் இருந்தது. சமவெளிச் செடியை மலையில் நட்டால் மலை இனமாகவே மாறிவிடும் என்று பிரான்ஸின் காஸ்தோன் போன்னியே சொல்லியிருந்தார். (பாத்தியைக் கவனிக்காவிட்டால் உள்ளூர்ச் செடி உள்ளே புகுந்துவிடும் என்பதைத் தோட்டம் வைத்தவர்கள் அறிவார்கள்.) ஸ்டான்ஃபோர்டில் ஒரு செடிகூட அப்படி மாறவில்லை. கீழே கொண்டுவந்தால் பழைய செடி.

இவர்கள் புத்தகம் வந்தது 1940. அதே வருடம் சோவியத்தில் மரபியலாளர் நிக்கோலாய் வவிலோவ் கைதானார், 1943-ல் சிறையில் இறந்தார். அங்கே செல்வாக்குடன் இருந்தவர் லைசென்கோ. விதைக்குக் குளிர் கொடுத்தால் அந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்கும் போகும் என்றவர். இன்று அந்தக் குளிர்க் கணக்கு மரபணு அளவில் தெரியும். அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் எஃப்எல்சி எனும் மரபணு பூப்பதைத் தடுக்கிறது. வாரக்கணக்கில் குளிர்ந்தால் அது அணைந்துவிடும், வெயில் வந்த பிறகும் அணைந்தே இருக்கும். செடி பூக்கிறது. ஆனால் விதை உருவாகும்போது அது மறுபடி ஆன். அடுத்த தலைமுறை தன் குளிரைத் தானே அனுபவித்தாக வேண்டும். கோட் ஒன்று, கான்ஃபிக் வேறு என்று என் தொழில்மொழியில் சொல்லத் தோன்றும். பாதிதான் சரி. எந்த கான்ஃபிக் ஃபைலும் போன மாதக் குளிரை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

1948-ல் அதே மூவர் இன்னொரு செடியின் அளவுகளை வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'யாரோ'. தமிழில் எழுதினால் யாரோ எவரோ என்று ஆகிவிடும், அதனால் அகில்லியா என்றே சொல்கிறேன். பல செடிகளின் துண்டுகளை மூன்று உயரத்திலும் நட்டு, ஒரே துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரிசை கலைந்துபோகிறது. கீழே ஓங்கி நின்றது மேதரில் சோப்ளாங்கி. ஒரு தோட்டத்தை மட்டும் அளந்தவர் 'இதுதான் உயர்ந்த ரகம்' என்று சத்தியம் செய்திருப்பார், அடுத்த தோட்டத்தில் அவர் சத்தியம் செல்லாது. வம்சாவளி வரைந்தவர்கள் அளந்தது ஒரே ஒரு தோட்டத்தை: ஏழைகள் ஏழைகளாகவே வாழ்ந்த அமெரிக்காவை.

அந்த அளவுகள் அச்சான வருடமும் கலிஃபோர்னியாவின் அரசு நிறுவனங்களில் கருத்தடை நடந்துகொண்டுதான் இருந்தது. மொத்தம் சுமார் 20,000 பேர். சட்டம் நீக்கப்பட்டது 1979-ல்.