தடுத்தவரின் வரலாறு

கால்பந்தில் பின்களக்காரருக்கு வரலாறு எழுதுவது கடினம். கோல் அடித்தவர் செய்தது ஒரு நிகழ்ச்சி. தடுத்தவர் செய்ததோ ஒரு நிகழ்ச்சியை நிகழாமல் ஆக்கியது. நிகழாதவற்றை யாரும் வெட்டியெடுத்துச் சேமித்து வைப்பதில்லை. பெருவின் எக்தோர் சும்பிதாஸ் 1965 முதல் 1981 வரை தேசிய அணிக்காக 105 ஆட்டங்கள் ஆடியவர். ஆனால் இன்று இணையத்தில் அவரைத் தேடிச் செல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு ஆட்டங்களிலேயே போய் நிற்கிறார்கள்.

முதலாவது 1970ஆம் ஆண்டு ஜூன் 2 அன்று மெக்சிகோவின் லியோன் நகரில் நடந்தது. அதற்கு இரண்டு நாட்கள் முன்பு, மே 31 அன்று, பெருவின் அன்காஷ் பகுதியை நிலநடுக்கம் தாக்கியிருந்தது. உவாஸ்கரான் மலையிலிருந்து சரிந்த பனியும் பாறையும் யுங்காய் நகரைப் புதைத்தன. இறந்தவர்கள் ஏறத்தாழ எழுபதாயிரம் பேர். அந்தத் துயரத்தோடுதான் பெரு அணி பல்கேரியாவுக்கு எதிராகக் களமிறங்கியது. இரண்டாம் பாதியின் தொடக்கத்திலேயே 0-2 எனப் பின்தங்கியது. கயார்தோ ஒரு கோல் அடித்தார். அடுத்து, கிடைத்த ஃப்ரீ கிக்கைச் சும்பிதாஸ் தம் புகழ்பெற்ற வலிய உதையால் வலைக்குள் செலுத்திச் சமன் செய்தார். குபில்யாஸ் மூன்றாவதை அடிக்க, 3-2 என்று பெரு வென்றது. உலகக் கோப்பை வண்ணத்தில் ஒளிபரப்பான முதல் ஆண்டு அது. வெள்ளைச் சட்டையில் குறுக்கே ஓடும் அந்தச் சிவப்புப் பட்டை இன்றும் மங்காமல் கிடைப்பதற்கு அதுவே காரணம்.

இரண்டாவது ஆட்டம் 1978 ஜூன் 21 அன்று ரொசாரியோவில் நடந்தது. இறுதிப் போட்டிக்குச் செல்ல அர்ஜென்டினாவுக்கு நான்கு கோல் வித்தியாசம் தேவைப்பட்டது. ஆறு கோல்கள் கிடைத்தன. அன்று அங்கே ஆட்சியில் இருந்தது ராணுவம். ஆட்டம் விலைபோனதா என்ற ஐயம் இன்றுவரை நிரூபிக்கப்படவுமில்லை, ஓயவுமில்லை. தோற்ற அணியின் கேப்டன் சும்பிதாஸ். ஐயத்தைச் சுமந்த காட்சிகள்தான் அதிகம் பார்க்கப்படுகின்றன. ஒரு மனிதரின் பதினாறு ஆண்டு உழைப்பை அவை மறைத்துவிடக்கூடும் என்பதே இங்கு நம் கவலை.

இவ்விரண்டுக்கும் நடுவில் 1975 இருக்கிறது. கோப்பா அமெரிக்கா அரையிறுதியில் பெரு, பிரேசிலை அதன் சொந்த மண்ணான பெலோ ஓரிசோன்தேயில் 3-1 என வென்றது. பின் லிமாவில் 0-2 எனத் தோற்றுச் சீட்டுக் குலுக்கலில் பிழைத்தது. கராகஸில் நடந்த தீர்மான ஆட்டத்தில் கொலம்பியாவை 1-0 என வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. 1939க்குப் பிறகு பெருவுக்குக் கிடைத்த இரண்டாவது கோப்பை அது. அப்போதும் சும்பிதாஸே கேப்டன்.

1982க்குப் பின் 2018 வரை, முப்பத்தாறு ஆண்டுகள், பெரு உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. அந்த வறட்சியில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இந்தப் பழைய படச்சுருள்கள் வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது. தாங்கள் பிறக்குமுன் தங்கள் நாடு எப்படி ஆடியது என்பதற்கு அவர்களிடம் இருந்த சாட்சி அது.

சும்பிதாஸை அறிய விரும்பும் நண்பர்கள் 1978 ஜூன் 7 அன்று மென்டோசாவில் நடந்த ஆட்டத்தைப் பார்க்கலாம். அத்தொடரில் இறுதிவரை சென்ற நெதர்லாந்து, அன்று பெருவுக்கு எதிராக ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 0-0. வெட்டியெடுக்க அதில் எதுவுமில்லை. முழுதாகத்தான் பார்க்க வேண்டும்.