நாள் வகுத்த வரிசை

மாணவ நண்பர்களே, நம் கிருஷ்ணகிரி வட்டாரத்து இராயக்கோட்டை மலையை நீங்கள் அறிவீர்கள். 1799ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில், ஜெனரல் ஹாரிஸ் வேலூரிலிருந்து நடத்திவந்த பெரும்படை அவ்வழியே மைசூர் நாட்டினுள் புகுந்தது. மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் உயிர் துறந்தார். இவ்வெற்றியை ஈட்டிய ஹாரிஸுக்குச் சீரங்கப்பட்டணத்தின் பெயரோடு கூடிய ‘பாரன்’ என்னும் பரம்பரைப் பட்டம் வழங்கப்பெற்றது. வழங்கிய ஆண்டோ 1815!

பதினாறு ஆண்டுத் தாமதத்தால் குறைந்தது என்ன என்று நீங்கள் வினவலாம். ஆங்கிலப் பிரபுக்களில் டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என ஐந்து படிகள் உண்டு. பாரன் கடைசிப் படி. ஒரே படியில் நிற்போருள் முந்துபவர் யார்? எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1539இல், இதற்கென்றே சட்டம் இயற்றினார்கள். செல்வமோ வீரமோ அன்று, பட்டத்தின் பழைமையே இடத்தை வகுக்கும் என்பது அதன் சாரம். இங்கிலாந்துப் பாரன்களில் முதலிடம் டி ராஸ் குடும்பத்துக்கு உரியது. அப்பட்டம் 1264ஆம் ஆண்டினது.

தலைமையாசிரியனாக இருந்தபோது நான் ஆசிரியர்களின் பணிமூப்புப் பட்டியல் எழுதியதுண்டு. யார் நன்றாகக் கற்பிக்கிறார் என்று அப்பட்டியல் கேளாது. பணியில் சேர்ந்த நாளையே கேட்கும். பாரன்களின் வரிசையும் அத்தகையதே. ஜெனரல் லேக் வடநாட்டில் வென்றது 1803இல். பாரன் ஆனது 1804இல். ஹாரிஸின் வெற்றி முந்தியது. லேக்கின் பட்டம் முந்தியது. ஆகவே பாரன் வரிசையில் லேக்குக்கே முன்னிடம்.

இன்னொரு விந்தையும் உண்டு. ஹாரிஸின் பேரர், மூன்றாம் ஹாரிஸ் பிரபு, 1854 முதல் 1859 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்தார். அவர் சீரங்கப்பட்டணப் போரைக் கண்டவரல்லர். ஆயினும் பாட்டனாரின் 1815ஆம் ஆண்டு இடமே அவருக்கும் உரியதாயிற்று. பின்னர் 1919இல் வங்காளத்துச் சத்தியேந்திர பிரசன்ன சின்ஹா பாரன் ஆனார். பரம்பரைப் பிரபுப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. அவருக்கும் அந்த நாளின்படியே இடம்.

நாள்முறை பூசலைத் தவிர்க்கும்; அது அதன் நன்மை. ஆனால் பிறப்பால் வந்த இடத்தைத் தகுதியால் வந்ததாகக் காட்டிவிடும். அது அதன் தீமை. பிரபுக்கள் சபையில் பரம்பரையாய் அமரும் உரிமையை 1999ஆம் ஆண்டுச் சட்டம் மிகப் பலரிடமிருந்து நீக்கியது. நம் அரசியலமைப்போ 1950லேயே, தன் 18ஆம் பிரிவில், அரசு இத்தகைய பட்டங்களை வழங்குவதைத் தடுத்துவிட்டது.

ஹாரிஸின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். பாரவண்டி இழுத்த எருதுகளை ஓட்டியவர்களும் இந்நாட்டவரே. அவர்கள் பெயர் எந்த வரிசையிலும் இல்லை. இராயக்கோட்டை மலையைக் காணும்போது, வரலாறு பயிலும் நீங்கள் அவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.