வீட்டில் பயிற்றுவிப்பார் யார்?



தாயும் தந்தையுமே பிள்ளைக்கு முதல் ஆசிரியர் என்பது நம் நாட்டார் நெடுங்காலமாகச் சொல்லிவரும் உண்மை. அவ்விருவரும் பொழுது புலரும் முன் வேலைக்குப் புறப்பட்டு, விளக்கு வைத்த பின் வீடு திரும்புவாராயின், அந்த முதல் ஆசிரியரின் இடத்தில் அமர்வார் யார்? இதுவே இன்று நான் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். இஃது இக்காலத்தில் முளைத்த கேள்வி என்று பலர் கருதுவர். சரித்திரத்தைப் புரட்டினால், இருநூறு ஆண்டுகளாக ஆட்சியாளர் பலர் இதே கேள்வியைச் சந்தித்திருப்பது புலனாகும். அவர்களுள் இருவருடைய வாழ்க்கை, தளி, ஓசூர், கிருஷ்ணகிரி ஆகிய ஊர்களைக் கொண்ட நம் எல்லைப்புறச் சீமையோடு பிணைந்திருப்பது நாம் அறிந்து மகிழத் தக்கது.

முதலாமவர் தாமஸ் மன்றோ. 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் என்னும் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கைக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அதனுள் அடங்கும். அப்பகுதியை நிருவகிக்க வந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்பவருக்குத் துணை அதிகாரியாக வந்தவர் மன்றோ. 1799 வரை அவர் இங்கே ஊர் ஊராகச் சென்று நிலத்தை அளந்து, குடியானவரோடு பழகினார். பின்னர் 1820-இல் அவரே சென்னை இராஜதானியின் கவர்னரானார். பதவியேற்ற இரண்டாம் ஆண்டில், அதாவது 1822-இல், நாட்டில் எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்தனை பேர் பயில்கின்றனர் என்று கணக்கெடுத்து அனுப்புமாறு ஜில்லா கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார்.

கலெக்டர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்து, 1826 மார்ச்சு மாதம் மன்றோ ஒரு குறிப்பு எழுதினார். ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த இராஜதானியில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் சுமார் 1,88,000 மாணாக்கர் பயின்றனர். அவருள் பெண்மக்கள் 5,000 பேரும் இல்லை. இக்கணக்கை மட்டும் கொண்டால், பள்ளி வயதினரான ஆண்மக்களுள் நால்வரில் ஒருவரே கல்வி பெற்றனர் என்றாகும். மன்றோ அதனோடு நின்றாரில்லை. வீட்டிலேயே உறவினரிடமோ தனி ஆசிரியரிடமோ பயிலும் பிள்ளைகளையும் கணக்கிட வேண்டும் என்றார். சென்னை நகரிலிருந்து வந்த அறிக்கை, அவ்வாறு வீட்டில் பயின்றோர் 26,000 பேருக்கும் மேல் என்றது. பள்ளியில் பயின்றோரைப் போல் ஐந்து மடங்கு! அத்தொகையில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார். ஆயினும் வீட்டுக் கல்வி நாடெங்கும் வழங்கியதை ஒப்புக்கொண்டு, மூவரில் ஒருவர் கல்வி பெற்றிருக்கக்கூடும் என்று தம் மதிப்பீட்டைத் திருத்திக்கொண்டார்.

இங்கே நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். எவருடைய வீட்டில் இக்கல்வி நடந்தது? ஏட்டையும் எழுத்தாணியையும் அறிந்த பெரியவர் ஒருவர் உள்ள வீட்டில். அவருக்குப் பகற்பொழுதில் ஓய்வும் உள்ள வீட்டில். மற்றைய வீடுகளின் நிலையைப் பல்லாரி ஜில்லாக் கலெக்டராயிருந்த காம்ப்பெல், 1823-இல் தாம் அனுப்பிய அறிக்கையில் ஒளிவுமறைவின்றி எழுதினார். நடுத்தர மக்களும் ஏழைகளும் கல்விச் செலவைத் தாங்க இயலாதவராகிவிட்டனர் என்றும், இளங்கால்கள் சிறுவேலை செய்யும் வலிமை பெற்றவுடனே அப்பிள்ளைகளின் உழைப்பும் குடும்பத்துக்குத் தேவையாகிவிடுகிறது என்றும் அவர் விளக்கினார். பெற்றோர் இருவரும் பாடுபட்டும் போதாமல், பிள்ளையும் பாடுபட வேண்டியிருந்தது. அத்தகைய வீட்டிற்குள் கல்வி நுழைய வழி ஏது?

இத்தகைய பிள்ளைகளுள் சிலரையேனும் எட்டியது திண்ணைப் பள்ளிக்கூடம். ஆசிரியர் ஒருவர், மணலில் விரலால் எழுதிப் பழகும் சிறுவர் பலர். சிறியோரை மேற்பார்க்கச் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணாக்கன். அவ்வாசிரியரின் மாத வருவாய் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் இல்லை என்று மன்றோ குறித்துள்ளார். அந்த எளிய திண்ணையிலிருந்து உலகம் ஒரு பாடம் கற்றது. 1789-இல் சென்னை இராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நம் சிறுவர் மணலில் எழுதக் கண்டு அம்முறையைத் தம் விடுதியிற் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டே இளையோருக்குப் பாடம் சொல்லச் செய்தார். 1797-இல் இங்கிலாந்தில் அவர் இதனை நூலாக வெளியிட, 'சென்னை முறை' என்ற பெயரால் அது பல நாடுகளிலும் பரவிற்று. கற்பிக்கப் பெரியவர் கைகள் போதாதபோது, கற்றுக்கொண்ட சிறுவனே ஆசிரியனாகலாம் என்பதே அம்முறையின் உட்கருத்து.

வீட்டுக் கல்வியின் பெருமைக்கும் நம் சரித்திரத்தில் சான்று உண்டு. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், பருவமெய்திய பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பலாகாது என்ற அக்கால வழக்கத்தால் வீட்டிலே இருக்க நேர்ந்தது. அவருடைய தந்தை கல்லூரி முதல்வர். வீட்டிலே பயின்று மெட்ரிகுலேஷன் தேறிய அம்மங்கை, புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிற் புகுந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து மருத்துவராக வெளிவந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என நாடு போற்றிய அவருடைய மதிநுட்பத்திற்குத் துணை நின்றது, கல்வி நிறைந்த ஒரு வீடு. அவரை ஒத்த மதிநுட்பம் உடைய சிறுமி கூலிக்காரர் குடிசையிலும் பிறந்திருப்பாள் அன்றோ?

இனி இரண்டாமவரைக் காண்போம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியாரே அவர். ஓசூரிலும், பின்னர்ப் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். சென்னை மாகாண முதலமைச்சராய் இருந்த 1953-இல், கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு அவர் ஒரு திட்டம் வகுத்தார். ஐந்து மணி நேரப் பள்ளி மூன்று மணி நேரமாகும். மாணாக்கர் இரு பிரிவாக வெவ்வேறு வேளைகளில் வருவர். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரிடமோ ஊர்த் தொழிலாளரிடமோ கைத்தொழில் பயில்வர். பதினான்கு வயது வரை யாவருக்கும் கட்டாய இலவசக் கல்வி அளிக்கப் பத்தாண்டுக் காலத்துள் முயல வேண்டும் என்று அரசியலமைப்புப் பணித்திருந்தது. பொருளோ குறைவு. இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டு இருமடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது திட்டத்தின் நியாயம்.

நாடு அதனை ஏற்கவில்லை. அப்பன் தொழிலையே பிள்ளை மேல் சுமத்திச் சாதிக் கட்டை இறுக்கும் 'குலக்கல்வித் திட்டம்' இது என்று பெரியாரும், அறிஞர் அண்ணாவின் கழகத்தாரும் போர்க்கொடி உயர்த்தினர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு மூண்டது. 1954-இல் இராசாசி பதவி விலக, ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

சாதியைப் பற்றிய அந்த எதிர்ப்பே முதன்மையானது. அதனுள்ளே வேறொரு கேள்வியும் அடங்கியிருந்ததாக நான் கருதுகிறேன். கணவனும் மனைவியும் பிறர் நிலத்தில் கூலிக்குச் செல்லும் வீட்டில், பள்ளி விட்டு மூன்று மணி நேரத்தில் திரும்பும் சிறுவனுக்கு வாசலைத் திறப்பவர் யார்? தச்சர் வீட்டில் உளி இருக்கும். பட்டறை வீட்டில் துருத்தி இருக்கும். கூலிக்காரர் வீட்டில் பூட்டு ஒன்றே இருக்கும். வீடு என்றவுடன் பெரியவர் ஒருவர் உள்ளே அமர்ந்திருப்பதாகத் திட்டம் வகுப்போர் எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணமே தவறுகிறது.

பின்வந்த சரித்திரத்தின் போக்கு இதனை உறுதி செய்கிறது. காமராசர் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைப் பரப்பினார். 1982-இல் எம்.ஜி.ஆர். அரசு அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் அமைய வேண்டும் என விதித்தது. 1976-இல் அவ்வெண் முப்பதாகக் குறைக்கப்பட்டது. இவை யாவும் பாடநூல் சார்ந்தவை அல்ல. வேலைக்குச் சென்ற தாய் செய்ய இயலாதுபோன பணிகளைச் சமுதாயம் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்ட வரலாறே இது.

நம் எல்லைப்புறச் சீமைக்கு இவ்வரலாறு மிகவும் பொருந்தும். 1970-களில் ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்த பின், கேழ்வரகுக் கொல்லையை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் ஆலை வேலைக்கும், ரோசா மலர்த் தோட்டங்களுக்கும் செல்லலாயின. மாறி மாறி வரும் ஷிப்டுகளால் தாய் வரும்போது தந்தை புறப்படுவதும் உண்டு. மொழியாலும் ஓர் இடர் உளது. தளிப் பக்கத்தில் தமிழொடு கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழிகளாய் வழங்குகின்றன. 2006-இல் இயற்றிய தமிழ் கற்றல் சட்டம் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. கன்னடம் மட்டுமே அறிந்த தாய்க்கு, ஓய்வு கிடைத்தாலும், பிள்ளையின் தமிழ்ப் பாடத்தில் உதவுவது எளிதன்று.

2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவ, பள்ளிகள் மூடப்பட்டன. சிறுவர் வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளிலேதான் மீண்டும் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கு மேலாக ஒவ்வொரு வீடும் பள்ளியாக வேண்டியிருந்தது. படித்த பெற்றோரும் கைப்பேசியும் இருந்த வீடு ஒருவாறு சமாளித்தது. மற்றைய வீடுகளில் பிள்ளைகள் எழுத்தை மறந்தனர். அதன் பின் 2021 அக்டோபர் 27-இல் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அவ்வூரிலேயே வாழும் தன்னார்வலர், மாலை நேரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்னார்கள். பழைய திண்ணை புதிய பெயரோடு மீண்டு வந்தது எனலாம். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமோ, விடியலில் வேலைக்கு விரையும் தாயின் கவலையில் ஒன்றைக் குறைத்தது.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? வீட்டுக் கல்வி உயர்ந்ததே. ஆனால் அதற்கு அன்பு மட்டும் போதாது. எழுத்தறிவு வேண்டும், நேரம் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த வீடுகள் எக்காலத்தும் சிலவே. உழைக்கும் பெற்றோரைப் பார்த்து, "பிள்ளையைக் கவனிக்கவில்லை" என்று குறை கூறுவோர், அவ்வுழைப்பே பிள்ளையின் சோறும் புத்தகமும் ஆகிறது என்பதை மறந்துவிடுகின்றனர்.

மாணவர்களே! உங்கள் தெருவிலும் மாலையில் பூட்டிய கதவின் முன் புத்தகப் பையோடு காத்திருக்கும் சிறுவன் ஒருவன் இருக்கலாம். சட்டாம்பிள்ளையாக இருப்பதற்குப் பட்டம் தேவையில்லை. அவனைவிட இரண்டு வகுப்பு மேலே படித்திருந்தால் போதும். நாளொன்றுக்கு அரைமணி நேரம் அவனோடு அமர்ந்து, அன்றைய பாடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வேலையிலிருந்து களைத்துத் திரும்பும் அவன் தாய்க்கு அதனினும் பெரிய உதவி வேறில்லை.