துப்பறிவாளர் சாட்சியம்: 1905 டெப்ட்ஃபோர்டு வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

துப்பறிவாளர் நீதிமன்றத்தில் கூறும் சாட்சியத்தை இரண்டாகப் பகுக்கிறோம். தாம் கண்டதையும் செய்ததையும் கூறுவது நிகழ்வுச் சாட்சியம். பயின்ற அறிவால் ஒரு தடயத்தைப் பற்றித் தாம் எட்டிய முடிவைக் கூறுவது கருத்துச் சாட்சியம். முன்னதில் சாட்சியின் நினைவும் நேர்மையும் சோதனைக்கு உள்ளாகின்றன. பின்னதில் அவர் பயின்ற துறையே கூண்டில் ஏறுகிறது.

2. தடயம்

1905 மார்ச் 27 அன்று லண்டன் டெப்ட்ஃபோர்டில் ஒரு பெயின்ட் கடையின் மேலாளர் தாமஸ் ஃபாரோ கொலையுண்டார். தாக்கப்பட்ட அவர் மனைவியும் சில நாளில் இறந்தார். காலியான பணப்பெட்டியின் உள்தட்டில் ஒரு பெருவிரல் பதிவு இருந்தது. இறந்த இருவரின் ரேகைகளோடும், பெட்டியைத் தொட்ட காவலரின் ரேகையோடும் ஒப்பிட்டு முதலில் அவர்களை விலக்கினர். சந்தேகத்தின்பேரில் கைதான ஆல்ஃபிரட் ஸ்டிராட்டனின் வலப் பெருவிரலே பொருந்தியது.

3. சாட்சியத்தின் படிநிலைகள்

ஓல்டு பெய்லியில் மே மாதம் விசாரணை நடந்தது. ஆய்வாளர் சார்லஸ் ஸ்டாக்லி காலின்ஸ் சாட்சி சொன்னார். 1902இல் ஒரு திருட்டு வழக்கிலும் ரேகைச் சான்று அளித்தவர் அவர். கொலைக் குற்றச்சாட்டில் அச்சான்று ஓல்டு பெய்லிக்குப் புதிது. முதலில் ரேகை வகைப்பாட்டின் அடிப்படையை விளக்கினார். வங்காளக் காவல்துறையில் எட்வர்டு ஹென்றியின் கீழ் அசீசுல் ஹக்கும் ஹேம் சந்திர போசும் உழைத்து உருவாக்கிய முறை அது. அடுத்து, பெரிதாக்கிய நிழற்படங்களில் பதினொரு ஒப்புமைப் புள்ளிகளைக் காட்டினார். கோடு முடியும் இடமும் இரண்டாகக் கிளைக்கும் இடமும் இரு பதிவிலும் ஒரே வரிசையில் அமைவதையே ஒப்புமைப் புள்ளி என்கிறோம்.

இரு பதிவுகளும் சில இடங்களில் வேறுபடுகின்றன என்றது எதிர்த்தரப்பு. அழுத்தம் மாறினால் பதிவின் தோற்றமும் மாறும் என்றார் காலின்ஸ். அதை மெய்ப்பிக்க, ஜூரி ஒருவரின் வேண்டுகோளின்பேரில் நீதிமன்றத்திலேயே வெவ்வேறு அழுத்தத்தில் விரல் பதிவுகள் எடுத்துக் காட்டினார். இவ்வழக்கின் உயிர்நிலை இதுவே என்பது எம் துணிபு. அதுவரை காலின்ஸின் சொல்லாக இருந்த கருத்து, அப்போது ஜூரிகளின் கண்ணுக்குரிய காட்சியாயிற்று.

4. மதிப்பீடு

இந்தியச் சான்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, விரல் ரேகை பற்றிய வல்லுநர் கருத்தை 1899லேயே ஏற்றிருந்தது. இங்கிலாந்திலோ, இவ்வழக்கை விசாரித்த நீதிபதி சானல் அதை எச்சரிக்கையோடு அணுகினார்: ஒப்புமை வலியது, எனினும் அது ஒன்றையே கொண்டு தண்டிக்கலாகாது என்று ஜூரிகளுக்கு அறிவுறுத்தினார். ஆகவே, கொலை நடந்த காலையில் ஆல்ஃபிரட் ஓடுவதைக் கண்ட ஒரு பெண்ணின் நிகழ்வுச் சாட்சியம் ரேகைக்குத் துணைநின்றது. ஆல்ஃபிரடும், உடன் குற்றஞ்சாட்டப்பட்ட அவர் தம்பி ஆல்பர்ட்டும் மே 23 அன்று தூக்கிலிடப்பட்டனர்.