ஆர்னல்ட் எங்கட ஊருக்கு வந்த கதை

ஆர்னல்ட் எண்ட பெயர் ஜெர்மானிய வேர்கொண்டது: கழுகு, ஆட்சி எண்ட இரு சொற்களின் சேர்க்கை. நோர்மன்காரரோட இங்கிலாந்துக்கும், குடியேறிகளோட அமெரிக்காவுக்கும் போனது. யாழ்ப்பாணத்துக்கு அது இரத்த உறவா வரேல்ல, காசோட வந்தது.

1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கிய அமெரிக்க மிஷன், பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கர் விரும்பிய பெயர்களை அவர்களுக்கு வைத்தது. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். மானிப்பாய்ச் சதாசிவம்பிள்ளையும் ஆர்னல்ட் ஆனார்.

ஆனா அவர் 1886இல் வெளியிட்ட ‘பாவலர் சரித்திர தீபகம்’ நானூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் புலவர்களின் பெயர்களைக் காப்பாற்றித் தந்தது. சொந்தப் பெயருக்கு முன்னால இரவல் பெயரைச் சுமந்தவர் செய்த வேலை அது.

இண்டைக்கு வெளிநாட்டுப் படிவங்களில அப்பாவின்ர பெயரை எங்கட குடும்பப் பெயராக்கி எழுதுறம். ஆர்னல்டைப் பார்த்துச் சிரிக்க முதல், அதையும் யோசிப்பம்.