காற்று போன வழி

1963-ம் வருடக் கோடை. ஆயுதக் கட்டுப்பாட்டுக்கென்று அமெரிக்க அரசாங்கம் வாஷிங்டனில் புதிதாக ஓர் அலுவலகம் திறந்திருந்தது. அங்கே மூன்று மாதம் வேலை பார்க்க ஹார்வர்டிலிருந்து ஓர் இளம் பேராசிரியர் வந்து சேர்ந்தார். பெயர் மாத்யூ மெசெல்சன். வயது 33.

ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. ஐந்து வருடம் முன்பு ஃப்ராங்க்ளின் ஸ்டால் என்ற நண்பருடன் சேர்ந்து, டி.என்.ஏ. தன்னை எப்படி நகலெடுத்துக் கொள்கிறது என்பதை ஒரே ஒரு பரிசோதனையில் நிரூபித்துக் காட்டியவர். உயிரியலின் மிக அழகான பரிசோதனை என்று இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் முதலில் கொடுக்கப்பட்ட வேலை, ஐரோப்பாவில் இருக்கும் அணு ஆயுதங்களைப் பற்றிப் படிப்பது. கொஞ்ச நாளிலேயே மனிதருக்குப் புரிந்துவிட்டது. இந்த விஷயத்தில் தன்னைவிட விவரம் தெரிந்தவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். தனக்குத் தெரிந்தது உயிரியல். ஆகவே, கிருமி ஆயுதங்களைப் பற்றிப் பார்க்கிறேனே என்றார். சரி, பாருங்கள் என்றார்கள்.

மேரிலாண்டில் ஃபோர்ட் டெட்ரிக் என்று ஒரு ராணுவ வளாகம். அமெரிக்காவின் கிருமி ஆயுத ஆராய்ச்சிக்குத் தலைமையகம். சுற்றிப் பார்க்கப் போன மெசெல்சனின் கண்ணில், ஜன்னல்கள் அதிகமில்லாத ஓர் ஏழு மாடிக் கட்டடம் பட்டது. இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். ஆந்த்ராக்ஸ் தயாரிக்கிறோம் என்று கூட வந்த அதிகாரி ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். எதற்கு? அணு ஆயுதத்தைவிட இது ரொம்ப மலிவு.

அவ்வளவுதான் உரையாடல். வாஷிங்டனுக்குத் திரும்பும்போது டாக்ஸியில் உட்கார்ந்து யோசித்தார் மெசெல்சன். மலிவா? உலகத்திலேயே பணக்கார நாடு. அணுகுண்டு விலை அதிகம் என்பதால்தான் நாலைந்து பேர் கையில் மட்டும் இருக்கிறது. ஒரு நகரத்தையே அழிக்கும் சமாசாரத்தை நாமே ஆராய்ச்சி செய்து, மலிவு விலைக்குக் கொண்டு வந்து, எப்படிச் செய்வது என்று உலகத்துக்கே வழியும் காட்டினால், நாளைக்கு எல்லோரும்தானே செய்து வைத்துக் கொள்வார்கள்? இது சொந்தச் செலவில் சூனியமல்லவா?

தர்மம், நியாயம், மனிதாபிமானம் என்றெல்லாம் அவர் ஆரம்பிக்கவில்லை என்பதை கவனிக்க வேண்டும். அப்படி ஆரம்பித்திருந்தால் ராணுவத்தில் ஒருத்தரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள். இது உங்களுக்கே நஷ்டம் என்றார். வியாபாரிக்குப் புரிகிற பாஷை.

ஆனாலும் புரிய வைக்க ஆறு வருடம் பிடித்தது. நடுவில் சுமார் 5,000 விஞ்ஞானிகளின் கையெழுத்தோடு ஜனாதிபதி ஜான்சனுக்கு மனு போனது. பிரயோஜனமில்லை. 1968-ல் யூட்டா மாகாணத்தில் ராணுவத்தின் விஷவாயுப் பரிசோதனைக் களத்துக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான ஆடுகள் கொத்தாகச் செத்து விழுந்தன. பத்திரிகைகள் பிடித்துக் கொண்டன. அடுத்த வருடம் நிக்சன் ஜனாதிபதியானார். அவருடைய பாதுகாப்பு ஆலோசகராக வந்து உட்கார்ந்தவர் ஹென்றி கிஸிஞ்சர். சாட்சாத் ஹார்வர்ட் பேராசிரியர். மெசெல்சனுக்கு நன்றாகத் தெரிந்தவர்.

குறிப்புகள் போயின. 1969 நவம்பர் 25-ம் தேதி நிக்சன் அறிவித்தார். அமெரிக்கா இனி கிருமி ஆயுதம் தயாரிக்காது. இருப்பதையும் அழித்துவிடும். எதிரி முதலில் செய்யட்டும் என்று காத்திருக்கவில்லை. ஒருதலைப்பட்சமாக, தானாக! வியட்நாமில் குண்டு மழை பொழிந்து கொண்டிருந்த அதே நிக்சன்தான். சரித்திரத்தில் இந்த மாதிரி முரண்பாடுகளுக்குப் பஞ்சமே கிடையாது.

அதன் தொடர்ச்சியாக 1972-ல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் வந்தது. கிருமி ஆயுதம் யாரும் செய்யக்கூடாது, சேர்த்து வைக்கக்கூடாது. அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன் எல்லாம் கையெழுத்துப் போட்டன. 1975-ல் அமலுக்கு வந்தது. ஒரே ஒரு குறை. ஒப்பந்தத்தை மதிக்கிறார்களா என்று உள்ளே போய்ப் பார்க்க ஏற்பாடு ஏதும் அதில் இல்லை. நம்பிக்கைதான். திருடமாட்டேன் என்று எழுதி வாங்கிக் கொண்டு சாவியையும் கையில் கொடுத்த மாதிரி.

சோவியத் யூனியன் ஒரு கையால் கையெழுத்துப் போட்டது. மறு கையால் பயோபிரெபராட் என்ற பெயரில் ஒரு நிறுவனம் ஆரம்பித்தது. வெளியே மருந்து, தடுப்பூசி. உள்ளே வேறு. இது அப்போது வெளியில் யாருக்கும் தெரியாது.

இனி ஸ்வெர்த்லோவ்ஸ்க். யூரல் மலையோரம் இருக்கும் பெரிய தொழில் நகரம். கடைசி ஜார் மன்னரையும் குடும்பத்தையும் சுட்டுக் கொன்றார்களே, அந்த ஊர். இப்போது பழையபடி எகாதெரின்பர்க். 1979 ஏப்ரல் முதல் வாரத்தில், ஊரின் தெற்குப் பகுதியில் திடீர் திடீரென்று ஆட்கள் செத்தார்கள். காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல். ஜலதோஷம் என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பினால் மறுநாள் பிணம்.

ஃபைனா அப்ரமோவா என்ற பெண் டாக்டர் பிரேதப் பரிசோதனை செய்தார். மண்டையைத் திறந்தால், மூளையின் மேல் சிவப்புத் தொப்பி போட்டது போல ரத்தக் கசிவு. அவருக்கு உடனே பொறி தட்டியது. ஆந்த்ராக்ஸ். நம் கிராமங்களில் மாடுகளுக்கு வரும் அடைப்பான் நோய் என்பார்களே, அதேதான். ரஷ்யர்கள் சைபீரியப் புண் என்பார்கள்.

அரசாங்கமும் அதை மறுக்கவில்லை. ஆமாம், ஆந்த்ராக்ஸ்தான். நோய் கண்ட மாட்டைத் திருட்டுத்தனமாக அறுத்து விற்றிருக்கிறார்கள், ஜனங்கள் சாப்பிட்டுவிட்டார்கள், போதுமா? தெருநாய்களைச் சுட்டார்கள். வீடுகளையும் மரங்களையும் கழுவினார்கள். ஆயிரக்கணக்கான பேருக்குத் தடுப்பூசி போட்டார்கள். அப்படியே கே.ஜி.பி. ஆட்கள் ஆஸ்பத்திரிகளுக்கு வந்து ரெக்கார்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். மாட்டுக்கறி விவகாரத்துக்கு உளவுத்துறை எதற்கு? யாரும் கேட்கவில்லை. கேட்கிற தேசமும் அல்ல.

ஊருக்குள் காம்பவுண்ட் 19 என்று ஒரு ராணுவ வளாகம் இருந்தது. அமெரிக்க உளவுத்துறைக்கு அதன் மேல்தான் சந்தேகம். 1980-ல் விஷயம் வெளியே கசிந்ததும், ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள் என்று அமெரிக்கா கூச்சல் போட்டது. மெசெல்சனையும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். ஆதாரம் போதாது என்றார் அவர்.

அவருடைய சந்தேகத்துக்கு நடுவில் நடந்த இன்னொரு சம்பவமும் உரம் போட்டது. கதைக்குக் கொஞ்சம் வெளியே போகிறோம், பாதகமில்லை. 1981-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்ஸாண்டர் ஹெய்க் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். லாவோஸிலும் கம்போடியாவிலும் விமானம் மூலம் மஞ்சள் மழையாக விஷத்தைப் பொழிகிறார்கள், பின்னணியில் சோவியத் என்றார். மலைக் கிராமத்து ஹ்மாங் மக்கள் செத்தது, ஓடியது, பட்ட துயரம் எல்லாம் நிஜம். ஆனால், இலைகளின் மேல் கிடந்த அந்த மஞ்சள் புள்ளி என்ன? மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூவின் மகரந்தம். அதுவும் உள்ளே சத்தெல்லாம் ஜீரணமாகி, வெறும் கூடு.

மெசெல்சன், தேனீ நிபுணர் தாமஸ் ஸீலியைக் கூட்டிக்கொண்டு 1984-ல் தாய்லாந்துக் காட்டுக்குப் போனார். மலைத்தேனீக்கள் ஒரே நேரத்தில் கும்பலாகக் கிளம்பி வெளியே வந்து காலைக்கடன் கழிக்கும். கீழே நின்று கொண்டிருந்த விஞ்ஞானிகளின் தலையிலேயே பொழிந்தது மஞ்சள் மழை! 2002-ல் மேற்கு வங்காளத்தில் சங்கராம்பூரிலும் இதே மாதிரி ஒரு மழை பெய்து, ஜனங்கள் ரசாயனத் தாக்குதலோ என்று பயந்து, கடைசியில் தேனீ என்று தெரிய வந்தது.

தன் சொந்த அரசாங்கம் அவசரப்பட்டு, தேனீ எச்சத்தை வைத்து வல்லரசின் மேல் பழி போட்டதை நேரில் பார்த்தவர் அவர். அந்த அனுபவமோ என்னவோ, 1988-ல் சோவியத் டாக்டர்கள் அமெரிக்காவுக்கு வந்து, ஸ்லைடு எல்லாம் போட்டுக் காட்டி மாட்டுக்கறிக் கதையை விவரமாகச் சொன்னபோது, நம்பும்படியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். உலகம் மதிக்கும் ஒரு விஞ்ஞானியின் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை. மாஸ்கோவில் எத்தனை பேர் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள்!

ஆனால், ஒரு விஷயத்தை மட்டும் அவர் விடவில்லை. நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருந்தார். சோவியத் யூனியன் இருந்தவரை முடியவில்லை. அது உடைந்தது. 1992 மே மாதம் போரிஸ் யெல்த்சின் ஒரு பத்திரிகைப் பேட்டியில், அதற்குக் காரணம் ராணுவ ஆராய்ச்சிதான் என்று ஒப்புக்கொண்டார். 1979-ல் அந்த வட்டாரத்துக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் யார் என்கிறீர்கள்? இதே யெல்த்சின்தான்.

ஜனாதிபதியே சொல்லியாகிவிட்டது, பிறகென்ன என்று மெசெல்சன் உட்கார்ந்துவிடவில்லை. அரசியல்வாதி சொன்னது ஆதாரமாகாது. அது யெல்த்சினாக இருந்தாலும் சரி, ஹெய்க்காக இருந்தாலும் சரி. 1992 ஜூனில் ஒரு சிறிய குழுவோடு எகாதெரின்பர்க் போய் இறங்கினார். அந்தக் குழுவில் முக்கியமானவர் அவருடைய மனைவி ஜீன் கில்லமின். அவர் சமூகவியல் பேராசிரியர். நுண்ணுயிர் நிபுணர் இல்லை. இந்தக் கதையின் முடிச்சை அவிழ்த்ததில் பெரும்பங்கு அவருக்குத்தான் என்பது என் கட்சி.

செத்தவர்களின் குடும்பங்களுக்குப் பென்ஷன் கொடுப்பதற்காகத் தயாரான ஒரு பெயர்ப்பட்டியல் கிடைத்தது. கில்லமின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். கல்லில் இருக்கும் பெயர், தேதி எல்லாவற்றையும் சரிபார்த்தார். பிறகு வீடு வீடாகப் போனார். விதவைகள், மகள்கள், தப்பிப் பிழைத்தவர்கள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். உங்கள் வீட்டுக்காரர் எங்கே வேலை பார்த்தார்? பகல் ஷிஃப்டா, ராத்திரியா? கறி எங்கே வாங்குவீர்கள்? பதின்மூன்று வருடமாக யாரும் கேட்காத கேள்விகள். பலர் அழுதார்கள்.

வரைபடத்தில் முதலில் வீடுகளைக் குறித்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றும். ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. பிறகு வீட்டை விட்டுவிட்டு, பகல் நேரத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்று குறித்தார்கள். சட்டென்று கோடு விழுந்தது. காம்பவுண்ட் 19-ல் தொடங்கி ஊரின் தெற்கு எல்லை வரை, சுமார் 4 கிலோமீட்டருக்கு ஒரு குறுகலான பட்டை. வழியிலே ஒரு பீங்கான் தொழிற்சாலை. அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் பட்டியலில் இருந்தார்கள். அந்தக் கோட்டை அப்படியே தெற்கே நீட்டினால், ஆடு மாடு செத்த ஆறு கிராமங்கள் வரிசையாக வருகின்றன. கடைசிக் கிராமம் 50 கிலோமீட்டர் தள்ளி. மாட்டுக்கறி நேர்க்கோட்டில் போகாது. காற்று போகும்.

சரி, எந்த நாள்? வழக்கமாக அந்தப் பக்கமே வராத ரிசர்வ் வீரர்கள் சிலர், அந்த வாரம் பக்கத்து ராணுவ முகாமுக்குப் பயிற்சி வகுப்புக்கு வந்து, நோய் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதை வைத்துத் தேதியைச் சுருக்கினார்கள். விமான நிலையத்து வானிலைப் பதிவுகளைத் தேடி எடுத்துப் பொருத்தினார்கள். வடக்கிலிருந்து தெற்காக, அந்தக் கோட்டின் திசையிலேயே காற்று வீசிய நாள் ஏப்ரல் 2, திங்கட்கிழமை.

இன்னொரு பக்கம் அப்ரமோவா. 1979-ல் கே.ஜி.பி. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது என்று சொன்னேன் அல்லவா? எல்லாவற்றையும் அல்ல. 42 பேரின் திசுக்களையும் குறிப்புகளையும் அந்த அம்மாளும் அவருடன் வேலை பார்த்த லெவ் கிரின்பெர்க்கும் ஒளித்து வைத்திருந்தார்கள். பதின்மூன்று வருடம்! மாட்டியிருந்தால் வேலை மட்டுமா போயிருக்கும்? அந்த உடல்களில் நோய் நுழைந்த வழி நெஞ்சுக்குள் எழுதியிருந்தது. நுரையீரலை ஒட்டிய நிணநீர் முடிச்சுகள் ரத்தம் கசிந்து அழுகியிருந்தன. சாப்பிட்டதனால் அல்ல, சுவாசித்ததனால் வந்தது. 1993-ல் அவர்களுடைய கட்டுரை வெளியானது. 1994 நவம்பரில் மெசெல்சன் குழுவின் கட்டுரை 'சயன்ஸ்' இதழில் வந்தது. அவர்கள் விவரம் சேகரித்த 77 நோயாளிகளில் இறந்தவர்கள் 66 பேர். ஒருவர்கூட 24 வயதுக்குக் கீழே இல்லை. குழந்தைகளை அது ஏன் விட்டது என்பது இன்றுவரை புதிர்.

வெளியேறிய கிருமித் தூள் எவ்வளவு இருக்கும் என்றும் கணக்குப் போட்டிருந்தார்கள். சில மில்லிகிராமிலிருந்து அதிகபட்சம் ஒரு கிராம். ஒரு சிட்டிகை. உள்ளே ஒரு ஃபில்டரைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை, அதுதான் காரணம் என்று அந்தத் திட்டத்தில் உயர் பதவியிலிருந்து, பின்னர் அமெரிக்காவுக்கு ஓடிவந்த கென் அலிபெக் எழுதினார்.

1988-ல் தான் சொன்னதைத் தானே உடைத்தார் மெசெல்சன். அதற்காக அவரை இடித்துக் காட்டியவர்கள் அமெரிக்காவில் நிறைய. ஆனால், மாட்டுக்கறிக் கதையை அசைக்க முடியாத ஆதாரத்தோடு குழிதோண்டிப் புதைத்தது அவரை இடித்தவர்கள் அல்ல.

பிற்பாடு, ஜூலியன் ராபின்ஸன் என்ற பிரிட்டிஷ் நண்பருடன் சேர்ந்து அவர் ஒரு சட்ட முன்வரைவு எழுதினார். கிருமி ஆயுதம் செய்யும் தனி மனிதர்களை, அது ஜெனரலோ விஞ்ஞானியோ, எந்த நாட்டிலும் பிடித்து விசாரிக்கலாம் என்பது சாராம்சம். உலக நாடுகள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. 1972 ஒப்பந்தத்துக்குச் சோதனை அதிகாரம் கொடுக்க நடந்த பேச்சுவார்த்தையும் 2001-ல் அமெரிக்கா மறுத்ததால் முறிந்தது. அதே 2001 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் தூள் அடைத்த தபால்கள் வந்து ஐந்து பேர் செத்தார்கள். அனுப்பியது அவர்களுடைய சொந்த விஞ்ஞானிதான் என்று எஃப்.பி.ஐ. 2010-ல் முடிவு கட்டியது. வழக்கு கோர்ட்டுக்குப் போகவில்லை. அவர் 2008-லேயே தற்கொலை செய்துகொண்டிருந்தார். வேலை பார்த்த இடம் ஃபோர்ட் டெட்ரிக். மெசெல்சன் பார்த்த அந்த ஏழு மாடிக் கட்டடத்தை 2003-ல் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

அப்ரமோவா ஒளித்து வைத்த திசுக்களிலிருந்து கிருமியின் மரபணுவை முழுதாகப் படித்து 2016-ல் வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் திருத்தி வளர்த்த ரகமல்ல, சாதாரணமாக இயற்கையில் திரிகிற ரகம்தான் என்று தெரிந்தது. அன்றைய திங்கட்கிழமை அந்த வளாகத்துக்குள் சரியாக என்ன நடந்தது, எவ்வளவு தயாரித்துக் கொண்டிருந்தார்கள் என்பதற்கு ரஷ்ய அரசு இன்றுவரை முழுக் கணக்குக் கொடுக்கவில்லை. மெசெல்சன் குழுவை ஊர் முழுக்கச் சுற்ற அனுமதித்தார்கள். காம்பவுண்ட் 19-க்குள் மட்டும் விடவில்லை.