எதிர்க்கும் துணைவர்: கொடோக்கன் வகுத்த பயிற்சிமுறை

1882-ஆம் ஆண்டு டோக்கியோவின் எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலில், 12 பாய்கள் விரித்த சிறிய இடத்தில் ஜிகோரோ கானோ கொடோக்கன் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கியபோது, சாமுராய் வகுப்பு ஒழிந்து போனதால் ஜுஜுட்சு என்னும் பழைய தற்காப்புக் கலை ஆதரவிழந்திருந்தது. அக்கலையின் பள்ளிகள் பலவற்றில், இருவரும் முன்கூட்டியே அறிந்த அசைவுகளைக் கொண்ட ‘கதா’ என்னும் ஒத்திகையே முதலிடம் பெற்றிருந்தது. கானோவோ, தாம் பயின்ற மரபுகளில் ஏற்கெனவே இருந்த ‘ராண்டோரி’யை, அதாவது துணைவர் உண்மையாகவே எதிர்த்து நின்று மடக்க முயலும் பயிற்சியை, தம் ஜூடோவின் நடுநாயகமாக்கினார்.

அதற்கு விலையும் இருந்தது. அடி, உதை, விரல் முறுக்கு ஆகியவை ராண்டோரியிலிருந்து விலக்கப்பட்டன. மூட்டுப்பிடிகள் நாளடைவில் முழங்கையோடு நின்றன. மாணவர் முதலில் விழக் கற்றார்: தலை தரையில் மோதாதபடி மோவாயை நெஞ்சோடு ஒட்டி, உடல் பாயைத் தொடும் கணத்திலேயே உள்ளங்கையும் முன்கையும் ஓங்கி அறைய விழுவதே ‘உக்கெமி’. ஆபத்தானவற்றை நீக்கியதனாலேயே பயிற்சி மெய்ம்மை பெற்றது என்பது மிகையன்று. ஏனெனில் கொல்லவல்ல பிடியை முழு வலிமையோடு நாள்தோறும் எவரும் செய்து பார்க்க இயலாது, எறிதலையோ இயலும். எனினும் குத்துவாளையும் வாளையும் எதிர்கொள்ளும் முறைகள், ‘கிமே நோ கதா’ என்னும் வரிசையில் ஒத்திகையாகவே தங்கின.